கடைக்காரர் வாங்காததே நம் பொருள்: கடலூரில் சிப்ஸ் கவரில் ஒரு சாவாளை மீன் செய்வது எப்படி

ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு குப்பையில் ஒரு கலைப்படைப்பு செய்யலாம் என்று நினைப்பவர்கள், படம் வரைவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்ய வேண்டும். ஒரு சாக்கில் வீட்டுக் குப்பையைப் போட்டுக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போய் வாருங்கள். திருப்பாதிரிப்புலியூரோ முதுநகரோ, எந்தக் கடையானாலும் சரி. தண்ணீர் பாட்டில், பால் கவர், அட்டைப் பெட்டி, சிப்ஸ் கவர், அறுந்த ரப்பர் செருப்பு, பழைய டூத் பிரஷ், தெர்மாகோல் எல்லாம் அதில் இருக்கட்டும். கடைக்காரர் சாக்கைக் கவிழ்த்து, பாட்டிலையும் அட்டையையும் ஒரு பக்கம் தள்ளுவார். மிச்சத்தைக் காலால் ஒதுக்கி, "இதெல்லாம் போகாதுங்க, நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க" என்பார். அவர் ஒதுக்கிய அந்தக் குவியல்தான் நம் கலைப்பொருள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் 'கழிவிலிருந்து கலை' என்றாலே எல்லோரும் தண்ணீர் பாட்டிலைத்தான் வெட்டுகிறார்கள். பாட்டிலைப் பூவாக வெட்டி, பெயிண்ட் அடித்து, கம்பியில் கோத்துத் தொங்கவிட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பாட்டிலுக்கு ஏற்கெனவே ஒரு வழி இருந்தது. பொறுக்கி விற்பவருக்கு அது காசு. நசுக்கி அனுப்பினால் ஆலையில் நூலாக மாறும். பெயிண்ட் பட்டபின் அதைக் கடைக்காரரும் எடுக்க மாட்டார். விழிப்புணர்வு என்ற பெயரில், விலைபோகும் பொருளைக் குப்பையாக்கி, ஒருவர் பிழைப்பிலும் கை வைத்ததாகிவிடும்.

சிப்ஸ், பிஸ்கட் கவர்களின் கதை வேறு. அவற்றில் பல பிளாஸ்டிக் அடுக்குகளும் மெல்லிய அலுமினியப் பூச்சும் ஒன்றாக ஒட்டியிருக்கும். அடுக்கு அடுக்காகப் பிரிக்க முடியாததால் யாரும் வாங்குவதில்லை. எடையும் கிடையாது; ஒரு கிலோ சேர்ப்பதற்குள் பொறுக்குபவருக்குப் பொழுது போய்விடும். அதனால் அது தெருவில் கிடக்கும், சாக்கடையில் இறங்கும், மழைக்குக் கெடிலம் ஆற்றில் சேரும், கெடிலம் அதைக் கொண்டுபோய்க் கடலில் விடும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலை ஒதுங்கும் கோட்டோடு கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள், நான் சொல்வது தெரியும்.

என்ன செய்யலாம்: ஒரு சாவாளை

முதல் தடவை இறங்குபவர்களுக்கு நான் சொல்லும் உருவம் சாவாளை மீன். திமிங்கலம், ஆமை என்று பெரிதாகக் கனவு கண்டு கம்பி வளைப்பதிலேயே பாதிப்பேர் ஓய்ந்துபோவார்கள். சாவாளை தட்டையாக, நாடா மாதிரி நீளமாக இருக்கும். செதில் கிடையாது, உடம்பு முழுக்க வெள்ளிப் பளபளப்பு. வாலில் துடுப்பு இல்லாமல் நூலாகக் கூம்பி முடியும். முதுகு நெடுக ஒரே துடுப்பு. சிப்ஸ் கவரைப் பிரித்து உட்பக்கத்தைப் பாருங்கள்: அதே வெள்ளிதான். பெயிண்டும் வேண்டாம், ஜிகினாவும் வேண்டாம். (ஜிகினாத் தூள் அநேகமாகப் பிளாஸ்டிக்தான். கடலைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அதைத் தூவுவதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.)

இன்னொரு வசதி, மீன் சந்தைக்குப் போகும் ஊரில் சாவாளை என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "இது என்ன பாம்பா?" என்று ஒரு சின்னப் பிள்ளை கேட்டால், பக்கத்தில் நிற்கும் பாட்டி பதில் சொல்லிவிடுவார். பேச்சு அங்கேயே தொடங்கிவிடும்.

அளவு: 20 அடி நீளம், அகலமான இடத்தில் ஒன்றரை அடி. இரண்டு பக்கமும் மூட 10 ரூபாய்க் கவர் அளவில் 150 போல வேண்டும். 5 ரூபாய்க் கவர்தான் அதிகம் கிடைக்கிறது என்றால் 300 வரை சேர்த்துக்கொள்ளுங்கள். மலைக்க வேண்டாம். ஒரு நடுத்தரப் பள்ளியில் சில நாள் இடைவேளையிலேயே இது சேர்ந்துவிடும்.

எப்போது, எங்கே

ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் கவர் காயாது, காற்றில் எதுவும் நிற்காது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரியை ஒட்டி வந்தது. ஆண்டின் கடைசி மூன்று மாதத்தை விட்டுவிடுவதே புத்தி.

பொங்கல் முடிந்து மாசி மகம் வரையிலான காலம் அருமையானது. வெயில் சுள்ளென்று இல்லை. மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்குச் சாமிகள் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரும்போது கூட்டத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு ஏறும். குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் போகும் சுபாவம் உள்ளவை. கடலை விட்டு விளக்கை நோக்கி நடந்துவிடும். ஆகவே மணலில் எதையும் நட வேண்டாம், இரவில் சீரியல் பல்பு கட்டவே வேண்டாம். சாலையோரம், பள்ளிச் சுவர், நூலக வாசல், பஸ் நிற்கும் இடம், இதில் ஒன்று போதும். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்குத்தான் வைக்க வேண்டும் என்றால் பள்ளி மைதானத்தில் மர நிழலாகப் பாருங்கள். நேர் வெயிலில் கவர் நொறுங்கித் தூளாகும். அந்தத் தூளைத் திரும்பப் பொறுக்க முடியாது. திறந்த வெளியில் ஒரு மாதத்துக்கு மேல் எதையும் விட்டுவைக்கக் கூடாது என்பது என் கட்சி.

யாரிடம் கேட்க வேண்டும்

பொது இடம் என்றால் மாநகராட்சியில் எழுத்தில் அனுமதி. கூட்டம் கூடும் என்றால் காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம். வார்டு கவுன்சிலரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி வேலை குறையும். பள்ளியானால் தலைமை ஆசிரியர். நாட்டு நலப்பணித் திட்டமோ பசுமைப் படையோ இருந்தால் அந்தப் பொறுப்பாசிரியர்.

மீனவர் குடியிருப்பை ஒட்டிச் செய்கிறீர்கள் என்றால் இதெல்லாம் ரெண்டாவது. முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பாருங்கள். சிங்காரத்தோப்பு, தாழங்குடா, தேவனாம்பட்டினம், எந்தக் குப்பமானாலும் ஊர்க்கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் வலையைத் தொடக் கூடாது. போகும்போது "நீங்க குப்பை போடாம இருக்கணும்னு சொல்ல வந்திருக்கோம்" என்று ஆரம்பித்தீர்களானால் அன்றோடு முடிந்தது. கடலில் மிதக்கும் கவர் ஊருக்குள்ளிருந்தும் ஆற்று வழியாகவும்தான் பெரும்பாலும் வருகிறது. அது வலையில் சிக்கி அவர்கள்தான் உதறிக்கொண்டிருக்கிறார்கள். "ஒரு சாவாளை செய்யப் போறோம், முடிச்சுப் போடச் சொல்லிக் குடுங்கண்ணே" என்று கேளுங்கள். வலை பின்னும் கை இருக்கிற இடத்தில் நாம் ஏன் பசை தேட வேண்டும்?

அப்புறம், தூய்மைப் பணியாளர்கள். எந்தத் தெருவில் என்ன கவர் விழுகிறது என்று அவர்களுக்குத்தான் அத்துப்படி. திட்டம் போடும் முதல் கூட்டத்திலேயே இரண்டு பேரை உட்கார வையுங்கள். அவர்கள் ஒதுக்கும் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். திறப்பு விழாவன்று கூப்பிட்டு சால்வை போர்த்திப் படம் எடுப்பதை மட்டும் மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம்.

சேகரிப்பு

ஒரு வாரம் போதும். பள்ளியில் வகுப்புக்கு ஒரு சாக்கு, இரண்டு மூன்று டீக்கடைகளில் ஒரு சாக்கு, கடற்கரையில் ஒரு காலைப் பொழுது. பிள்ளைகளுக்குக் கையுறையும் இடுக்கியும் கட்டாயம். முகத்துவாரத்துப் பக்கம் தண்ணீரில் இறங்க விடக் கூடாது.

சிலவற்றைத் தொடவே கூடாது. ஊசி, மருந்துப் புட்டி, டயப்பர், நாப்கின், உடைந்த மது பாட்டில் ஆகியவை ஒரு பக்கம். பூச்சிமருந்து டப்பாக்களும் தொழிற்சாலைக் கேன்களும் இன்னொரு பக்கம். வயல், முந்திரித் தோப்பு, சிப்காட் தொழிற்பேட்டை எல்லாம் சூழ்ந்த ஊர் இது. நீலக் கேன் ஒன்று மிதந்து வந்தால் அதை மீனின் தலையாக்கலாமே என்று யாருக்காவது தோன்றும். வேண்டாம். உள்ளே என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது. மாநகராட்சிக்குச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பழைய பிளெக்ஸ் பேனரையும் எடுக்காதீர்கள். அது பிவிசி, பிறகு யாராவது கொளுத்தினால் ஹைட்ரஜன் குளோரைடு, டயாக்சின் என்ற நச்சுகள் கிளம்பும். பேனர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் நிகழ்ச்சிக்கு பிளெக்ஸ் அடிக்காதீர்கள். பிளாஸ்டிக் ஒழிப்புக் கூட்டத்துக்குப் பத்தடி பிளெக்ஸ் வைக்கும் கூத்தைப் போதுமான அளவு பார்த்தாயிற்று. பழைய வேட்டியில் எழுதினால் போதும்.

சேகரித்த கவர்களைக் கழுவுவதற்கு முன்னால், கம்பெனி வாரியாகப் பிரித்து எண்ணச் சொல்லுங்கள். ஒரு கரும்பலகையில் பிள்ளைகளே கோடு போடட்டும். இந்தக் கவரைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பில் தயாரித்தவருக்கும் பங்கு உண்டு என்று பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-லிருந்து சொல்கின்றன. விழிப்புணர்வு என்றால் வாங்கித் தின்ற பிள்ளையின் தலையில் மட்டும் குட்டுவது என்று ஆகிவிடக் கூடாது. அந்தக் கணக்கு, மீனைப் போலவே, காட்சிக்கு வைக்க வேண்டிய பொருள்.

கழுவுதல்

இந்த வேலையில் சலிப்பானதும் முக்கியமானதும் இதுதான். கவரின் பின்பக்க மூட்டு வழியாகக் கத்தரித்து, மேலும் கீழும் உள்ள பற்களை வெட்டி, ஒரே தாளாக விரியுங்கள். முதலில் காய்ந்த நிலையிலேயே உதறுங்கள். மசாலாத் தூளும் துணுக்கும் கொட்டிவிடும். பிறகு ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், கவர் சுருண்டுவிடும். விரலால் தடவிப் பார்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு தெரியக் கூடாது. பிசுக்கு இருந்தால் மறுநாளே எறும்பு, அதற்கு மறுநாள் எலி. வைத்த இடத்தில் நம்மைத் திரும்பச் சேர்க்க மாட்டார்கள். அழுக்குத் தண்ணீரைப் பழைய துணியில் வடிகட்டிய பிறகு கொட்டுங்கள். துணிக்கொடியில் நிழலில் காய வைத்தால் அரை நாளில் காய்ந்துவிடும். வெள்ளிப் பக்கம் வெளியே தெரியக் கொடி முழுக்கக் கவர் ஆடும்போதே வழியில் போகிறவர்கள் நின்று என்னவென்று கேட்பார்கள். சொல்லுங்கள், அதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி.

எலும்பும் தோலும்

முதுகெலும்புக்குச் சவுக்குக் கழி. நம் கரையோரம் முழுக்க விளைவது, பந்தல்காரரிடம் வாடகைக்கே கிடைக்கும். இரண்டு கழியை நுனி மேல் நுனி வைத்துக் கட்டினால் 20 அடி வந்துவிடும். கழியை வெட்டவோ ஆணி அடிக்கவோ கூடாது, திருப்பித் தர வேண்டிய பொருள்.

அந்தக் கழியிலிருந்து ஒரு கிழிந்த வலையைத் தொங்கவிடுங்கள். உபயோகம் முடிந்த வலைத் துண்டு எந்தக் குப்பத்திலும் கேட்டால் கிடைக்கும். இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பும் கவுச்சியும் போக அலசி, தூண்டில் முள், ஈயக் குண்டு எதுவும் தங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்துவிட வேண்டும். மீன் வடிவத்தைச் சாக்பீஸால் தரையில் வரைந்து, வலையை அதன்மேல் விரித்து, ஓரத்தை நைலான் கயிற்றால் கட்டிக்கொண்டே வந்தால் உருவம் பிடிபட்டுவிடும்.

இனி தோல். கவர்களை வால் பக்கமிருந்து தைக்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு கவரும் முந்தைய கவரைப் பாதி மூட வேண்டும், ஓடு வேய்வது போல. மேல் ஓரத்தை மட்டும் வலையோடு முடியுங்கள், கீழ் ஓரம் சும்மா தொங்கட்டும். இதுதான் இந்த மீனின் சூட்சுமம். நாலு பக்கமும் இறுக்கித் தைத்தால் பிற்பகல் கடல்காற்றில் அது பாய்மரமாகிக் கழியோடு சாயும். ஒரு ஓரம் திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து வெளியே போகும். ஒவ்வொரு கவரும் தனித்தனியாகப் படபடத்து வெள்ளி மினுங்கும். சாவாளை நிஜமாகவே நெளிவது மாதிரித் தெரிவது அப்போதுதான்.

வலை ஊசியும் நைலான் நூலும் இருந்தால் போதும். மகளிர் குழுவில் யாராவது தையல் மெஷின் கொண்டுவந்தால் கவர்களைப் பட்டை பட்டையாக முன்கூட்டியே இணைத்துக்கொள்ளலாம். ஆனால் தையலை நீளமாக வைக்கச் சொல்லுங்கள். பொடித்தையல் போட்டால் அஞ்சல்தலை ஓரம்போல ஓட்டை விழுந்து அங்கேயே கிழியும். ஸ்டேப்ளர் வேண்டாம், உப்புக் காற்றில் பின் துருப்பிடிக்கும், கழற்றும்போது கையைக் கிழிக்கும். பசையும் வேண்டாம்.

கண்ணுக்கு ரப்பர் செருப்பு. கறுப்பில் ஒரு வட்டம், வெள்ளையில் சற்றுப் பெரிய வட்டம், இரண்டையும் கோத்தால் ஆயிற்று. கடற்கரையில் ஒற்றைச் செருப்புக்கா பஞ்சம்? முதுகுத் துடுப்புக்கு அலை ஒதுக்கிய நைலான் கயிற்றை வளையம் வளையமாகத் தைத்துக்கொண்டே போங்கள். பிரி பிரிக்க வேண்டாம், நார் உதிரும். சாவாளையின் பல் பார்க்கவே பயமாக இருக்கும். அதற்கு வெள்ளை டூத் பிரஷ் காம்புகளைச் சாய்வாக வெட்டிக் கட்டுங்கள். பல் விளக்கிய பிரஷ்ஷே பல்லாகிவிட்டதைக் கண்டுபிடித்ததும் பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்கள்.

பக்கத்தில் என்ன எழுதுவது

'பூமியைக் காப்போம்' வேண்டாம். யாரும் பூமியை அழிப்போம் என்று கிளம்பவில்லை. மூன்று விஷயம் போதும்: இந்தக் கவர்கள் எந்தெந்தத் தெருவிலிருந்து எத்தனை, எந்தக் கம்பெனியுடையது எத்தனை, பார்ப்பவர் நாளை செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம். பொதுவாக நான் சிபாரிசு செய்வது, கவரை மற்றக் குப்பையோடு கலக்காமல் வீட்டில் ஒரு பையில் தனியாகச் சேர்த்து, தூய்மைப் பணியாளர் வரும்போது தனியாகக் கொடுப்பது. கடைக்குப் போக மஞ்சப்பை என்பதெல்லாம் ஏற்கெனவே மக்களுக்குத் தெரியும். 14 வகை பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் இங்கே தடை, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பைத் திட்டம் என்று கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. காது பழகாததைச் சொன்னால்தான் நிற்பார்கள்.

மீன் பக்கத்தில் எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும். செய்தவர்களில் ஒருவராக இருந்தால் நல்லது. எட்டாம் வகுப்புப் பிள்ளை விளக்குவதைப் பெரியவர்கள் பொறுமையாகக் கேட்பார்கள்.

முதல் படைப்புக்கு முன்னால் நாலு இடம் பார்த்து வரலாம் என்றால், புதுச்சேரி பஸ் ஏறினால் போதும். முருங்கப்பாக்கம் கைவினை கிராமத்தில் கைத்தொழிலாளர்கள் வேலை செய்வதைப் பார்க்கலாம். ஆரோவில்லில் பழைய பொருளில் புதுப்பொருள் செய்பவர்கள் இருக்கிறார்கள். வேஸ்ட்லெஸ் என்ற குழு குப்பையைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பாடப்பொருள்கள் செய்கிறது. சண்டிகரில் நேக் சந்த் 1957-லிருந்து ரகசியமாகக் கட்டி, 1976-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பாறைத் தோட்டத்தைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். அவர் எடுத்தது உடைந்த ஓடு, பீங்கான், வளையல். வெயிலில் எத்தனை வருஷமானாலும் நிற்கும். நம் பொருள் அப்படியில்லை.

பிரிப்பது

அதனால்தான், மீனை எந்த நாளில் இறக்குவோம் என்பதையும் அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். நூலை அறுத்தால் கவர்கள் தாமாக உதிரும். பசை வேண்டாம் என்றது இதற்குத்தான். சாக்கில் கட்டி, 'பல அடுக்குக் கவர், கழுவியது' என்று எழுதி, எடை போட்டு மாநகராட்சியின் உலர் கழிவுப் பிரிவில் ஒப்படையுங்கள். மறுசுழற்சிக்கு ஆகாத பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டு உள்ளாட்சிகள் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகின்றன; சுத்தமாக, காய்ந்து, தனியாக இருந்தால்தான் அந்த வழி திறக்கும். பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையும் நம் மதுரையில் பிறந்ததுதான். தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன் அதற்காக 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். பிவிசி அதற்கும் ஆகாது. பிளெக்ஸைச் சேர்க்காதீர்கள் என்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

வலைத்துண்டைக் கொடுத்தவரிடமே கேளுங்கள். தோட்டத்துக்கு வேலி போட வேண்டும் என்று அவரே வாங்கிக்கொள்ளக் கூடும். கண்ணையும் பல்லையும் அடுத்த மீனுக்கு எடுத்து வைக்கலாம். கழிகளை மட்டும் மறுநாளே திருப்பிவிடுங்கள், முகூர்த்தம் வந்துவிட்டால் பந்தல்காரர் போன் மேல் போன் போடுவார்.